கரடுமுரடுப் பாதை வண்டிக்கு நீளமான லீஃப் ஸ்பிரிங்: எடைமேடை முதல் பதிவுச் சான்று வரை

லீஃப் ஸ்பிரிங் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வளைந்த உருக்குப் பட்டைகள்) கொண்ட நாற்சக்கர இயக்க வண்டியில், நிறுவனம் போட்ட குட்டையான ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு நீளமானதைப் பொருத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பிரிங் விற்பவர் ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் பேசுவார், வெல்டிங் செய்பவர் பிராக்கெட்டைப் பற்றி மட்டும் பேசுவார், பதிவு அலுவலகத்தில் படிவத்தைப் பற்றி மட்டும் சொல்வார்கள். எதை முதலில் செய்வது, எதற்குப் பிறகு எதற்குப் பணம் கட்டுவது என்று கோர்வையாகச் சொல்ல ஆளில்லாமல் நான் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. அந்த வரிசைதான் இந்தக் கட்டுரை. ஸ்பிரிங்கைக் கடைசியில் வாங்க வேண்டும் என்பதே இதன் சாரம். எடையும் அளவும் அனுமதியும் கைக்கு வந்த பிறகுதான் ஸ்பிரிங்குக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

1. நீளம்தான் தேவையா என்று முதலில் பாருங்கள்

பெரிய டயர் போடுவதற்காக வண்டியை உயர்த்துவது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால், நீளமான ஸ்பிரிங் அதற்குச் சரியான வழியில்லை. ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கை மேலே மாற்றிக் கட்டினாலே, ஆக்சில் குழாயின் விட்டமும் பட்டைக் கட்டின் தடிமனும் ஸ்பிரிங் இருக்கையின் உயரமும் சேர்ந்த அளவுக்கு வண்டி உயர்ந்துவிடும். நீளத்தால் கிடைப்பது மென்மையும், சக்கரம் மேலும் கீழும் அதிகமாக நகரும் தூரமும்தான். பாறைமேல் ஒரு சக்கரம் ஏறும்போது மற்ற மூன்றும் தரையை விடாமல் இருக்க வேண்டும் என்பவருக்கு அது பெரிய லாபம்.

பட்டைகளின் அகலம், தடிமன், எண்ணிக்கை ஆகியவை மாறாமல் நீளம் மட்டும் கூடினால், ஸ்பிரிங்கின் விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். நீளம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு ஏறத்தாழ 25 சதவீதம் குறைகிறது. 20 சதவீதம் கூடினால் 42 சதவீதம் குறைகிறது. அதே தூரம் அமுங்கும்போது பட்டையில் ஏற்படும் தகைவோ (உலோகத்துக்குள் எழும் அழுத்தம்) நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதாவது 20 சதவீதம் நீளமான பட்டைக்கு, அதே அமுக்கத்தில், முன்பிருந்த தகைவில் 69 சதவீதம்தான் ஏறும். குட்டையான, மிகவும் வளைந்த ஸ்பிரிங்கை மாட்டி வண்டியை உயர்த்தியவர்கள் பட்டை உடைந்தது என்று வருந்துவதற்கும், நீளமான தட்டையான ஸ்பிரிங் போட்டவர்கள் பல ஆண்டுகள் நிம்மதியாக ஓட்டுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இழப்பதையும் கணக்கில் வையுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு பட்டையை ஆங்கில எஸ் எழுத்துபோல் வளைக்கும் தொல்லை கூடும். வளைவில் வண்டி பக்கவாட்டில் அதிகம் சாயும். பின்பக்க ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைத்து ஆடவிடும் தகடு இணைப்பு) பின்னுக்குத் தள்ளிப் போவதால், மேட்டிலிருந்து இறங்கும்போது அதன் அடிப்பாகம் தரையில் இடிக்கும். பெரும்பாலும் நெடுஞ்சாலையில் வேகமாகவோ கனமான சுமையுடனோ ஓடும் வண்டிக்கு, நிறுவனத்தின் நீளத்திலேயே நல்ல பட்டைக் கட்டு ஒன்றைப் போட்டுக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

2. எடைமேடைக்குப் போங்கள்

கையேட்டில் அச்சிட்டிருக்கும் எடை உங்கள் வண்டியின் எடை ஆகாது. இரும்பு பம்பர், வின்ச், கூரைத் தாங்கி, இரண்டாவது பேட்டரி, உதிரிச் சக்கரத் தாங்கி ஆகியவற்றை மாட்டிய பிறகு, எரிபொருள் தொட்டியை நிரப்பி, வழக்கமாக ஏற்றும் பொருட்களையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குச் செல்லுங்கள். முன் சக்கரங்களை மட்டும் மேடைமேல் ஏற்றி ஒரு சீட்டு, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு என மூன்று வாங்குங்கள். முதல் இரண்டின் கூட்டல் மூன்றாவதோடு ஒட்டி வராவிட்டால் வண்டி மேடையில் சரிவாக நின்றிருக்கிறது என்று பொருள். மறுபடி நிறுத்தி எடை போடச் சொல்லுங்கள். இந்தச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்பிரிங் செய்பவருக்கும் பொறியாளருக்கும் இவை தேவைப்படும்.

ஸ்பிரிங் தாங்குவது ஆக்சில்மேல் விழும் முழு எடையை அன்று. ஆக்சில், சக்கரங்கள், பிரேக் பாகங்கள் ஆகியவற்றின் எடையைத் தரையே தாங்குகிறது. அதைக் கழித்து, மீதியை இரண்டால் வகுத்தால் ஒரு ஸ்பிரிங்கின் பங்கு கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டை இறுதிவரை எடுத்துச் செல்வோம்: பின் ஆக்சில்மேல் 900 கிலோ, ஆக்சிலும் சக்கரங்களும் சேர்ந்து 180 கிலோ, மீதி 720, ஆக ஒரு ஸ்பிரிங்குக்கு 360 கிலோ. பெரிய டயர் போடப்போகிறீர்கள் என்றாலும், எடை போட்டபோது வண்டியில் இருந்த சக்கரத்தின் எடையையே கழியுங்கள்.

3. வண்டிக்கு அடியில் படுத்து எடுக்க வேண்டிய அளவுகள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, முன்னும் பின்னும் சில முறை அசைத்து ஓய்ந்த பிறகு அளவெடுக்கத் தொடங்குங்கள். ஜாக்கிமேல் தூக்கி வைத்து எடுத்த அளவு எதற்கும் உதவாது, ஏனென்றால் தொங்கும் ஸ்பிரிங்கின் கண்களுக்கு (முதன்மைப் பட்டையின் இரு முனைகளிலும் சுருட்டிய வளையங்களுக்கு) இடையிலான தூரமும் சுமை தாங்கும் ஸ்பிரிங்கின் தூரமும் வேறுவேறு.

நிலையான கண்ணின் (ஷாக்கிள் இல்லாமல் நேரடியாகப் பிராக்கெட்டில் மாட்டிய கண்) நடுவிலிருந்து ஷாக்கிள் பக்கக் கண்ணின் நடுவரை நேர்க்கோட்டில் உள்ள தூரம் முதல் அளவு. அடுத்து, நிலையான கண்ணிலிருந்து சென்டர் போல்ட் (பட்டைகளைத் துளைத்துச் சேர்த்துப் பிடிக்கும் போல்ட்) வரை, சென்டர் போல்ட்டிலிருந்து மறு கண் வரை எனத் தனித்தனியாக எடுங்கள். பல வண்டிகளில் இந்த இரண்டும் சமமாக இருப்பதில்லை. சென்டர் போல்ட் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். இதைக் கவனிக்காமல் சம நீளப் பாதிகள் கொண்ட ஸ்பிரிங்கை மாட்டினால் ஆக்சில் முன்னாலோ பின்னாலோ நகர்ந்து, டயர் சக்கரக் குழியின் விளிம்பில் உரசும். பிறகு கேம்பர், அதாவது இரண்டு கண்களின் நடுவையும் இணைத்துக் கட்டிய நூலுக்கும் சென்டர் போல்ட் இடத்தில் முதன்மைப் பட்டைக்கும் உள்ள இடைவெளி. பட்டையின் அகலம், தடிமன், எண்ணிக்கை. கண்ணின் உள்விட்டம், புஷ்ஷின் நீளம், அதன் போல்ட் விட்டம். ஷாக்கிளின் துளைக்குத் துளை நீளம். பம்ப் ஸ்டாப்பிற்கும் (ஆக்சில் அளவுக்கு மீறி மேலே ஏறாமல் தடுக்கும் கட்டை) ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளி. கடைசியாக, இடது ஸ்பிரிங்கின் நடுவுக்கும் வலது ஸ்பிரிங்கின் நடுவுக்கும் குறுக்காக உள்ள தூரம். அகலமான பட்டை போடும்போது சேசிஸ் ஓரத்திலோ டயரின் உள்பக்கத்திலோ இடிக்குமா என்பதை இதுதான் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் எடுங்கள். பழைய வண்டிகளில் ஒரு பக்க ஸ்பிரிங் அமர்ந்துபோய் இரு பக்கக் கேம்பரும் மாறியிருப்பது சாதாரணம். சேசிஸின் மூலைவிட்டங்களையும் அளந்து, அது நேராக இருக்கிறதா என்று அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. ஸ்பிரிங்கின் நீளம் என்று பட்டியலில் போட்டிருப்பது வளைவைத் தொடர்ந்து அளந்த நீளமா, கண்களுக்கு இடையிலான நேர்க்கோட்டுத் தூரமா, அந்தத் தூரமும் சுமையோடா சுமையின்றியா என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. வித்தியாசத்தைக் கணக்கிடும் வழி எளிது: கேம்பரின் இருமடியை 8-ஆல் பெருக்கி, நீளத்தின் 3 மடங்கால் வகுத்தால், வளைவு நீளத்துக்கும் நேர்க்கோட்டுத் தூரத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழக் கிடைக்கும். 1300 மி.மீ. நீளமும் 154 மி.மீ. கேம்பரும் உள்ள ஸ்பிரிங்கில் அது சுமார் 49 மி.மீ. அதாவது ஒரே ஸ்பிரிங் ஒரு பட்டியலில் 1300 என்றும் இன்னொன்றில் 1251 என்றும் இருக்கலாம். எந்த முறையில் அளந்தது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. இடமும் விறைப்பும் சேர்ந்து நீளத்தைத் தீர்மானிக்கட்டும்

எவ்வளவு நீளம் போகலாம் என்பதற்கு எல்லை வைப்பது சேசிஸ். பின்பக்கத்தில் கூடுதல் நீளத்தை முன்பாதியில் கொடுத்தால் நிலையான பிராக்கெட்டை முன்னுக்கு நகர்த்த வேண்டும். அங்கே எரிபொருள் தொட்டி, சைலன்சர் குழாய், பாடி தாங்கிகள் ஆகியவை குறுக்கே வரும். பின்பாதியில் கொடுத்தால் ஷாக்கிள் பிராக்கெட் சேசிஸின் நுனிக்கோ அதற்கு அப்பாலோ போகும். முன் ஆக்சிலில் இடம் இன்னும் குறைவு. அங்கே பம்பரையே வெட்டி மாற்ற வேண்டிவரலாம். இரண்டு பக்கமும் எத்தனை மி.மீ. நகர்த்த முடியும் என்று சாக்பீஸால் சேசிஸ் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிகளுக்கு இடைப்பட்ட தூரமே உங்கள் உச்ச வரம்பு.

இப்போது கணக்கு. பழைய ஸ்பிரிங் 1100 மி.மீ., 5 பட்டைகள், ஒரு மி.மீ. அமுங்க 4 கிலோ தேவைப்படும் விறைப்பு என்று வைத்துக்கொள்வோம். 360 கிலோ சுமையில் அது 90 மி.மீ. அமுங்கியிருக்கும். 1300 மி.மீ.க்குப் போனால் நீளம் 1.18 மடங்கு, அதன் மும்மடி 1.65, விறைப்பு மி.மீ.க்கு 2.42 கிலோவாக இறங்கி, அமுக்கம் 149 மி.மீ. ஆகிறது. காடுமேடு ஓட்ட இது இதமாக இருக்கும். ஆனால் சாலையில் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் குனிந்து பின்பக்கம் எழும்பும். அதே அகலமும் தடிமனும் உள்ள ஆறாவது பட்டை ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு 2.9-க்கு ஏறி, அமுக்கம் சுமார் 124 மி.மீ.யில் நிற்கும். சுமையோடு நிற்கும்போது 30 மி.மீ. கேம்பர் மிஞ்சியிருக்க வேண்டும் என்று விரும்பினால், சுமையில்லாத கேம்பர் 124-உம் 30-உம் சேர்ந்து 154 மி.மீ. இருக்க வேண்டும். இந்த எண்ணைத்தான் ஸ்பிரிங் செய்பவரிடம் கொடுக்க வேண்டும். “இரண்டு அங்குலம் தூக்கிக் கொடுங்கள்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், உங்கள் வண்டியின் எடை அவருக்குத் தெரியாது. அவர் அறிந்த ஏதோ ஒரு வண்டியின் எடைக்கே செய்து கொடுப்பார்.

விறைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு சோதனை உண்டு. சுமையில் அமுங்கிய அளவைக் கொண்டே ஸ்பிரிங்மேல் வண்டி ஆடும் வேகத்தைக் கணிக்கலாம்: 90 மி.மீ. அமுக்கத்தில் நொடிக்கு சுமார் 1.66 முறை, 124 மி.மீ.யில் சுமார் 1.4 முறை. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சற்று வேகமாக ஆடும்படி வைத்தால், மேட்டைக் கடந்த பிறகு வண்டி தலையாட்டிக்கொண்டே போகாது. ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும்போது மறுபக்கத்தின் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

இந்தச் சூத்திரம் பட்டைகள் படிப்படியாகக் குறுகிவரும் சாதாரணக் கட்டுக்கானது. ஒரே ஒரு பட்டை நடுவில் தடித்து நுனியில் மெலியும் வகைக்கு இது பொருந்தாது. அதன் விறைப்பைச் செய்தவரிடமே கேளுங்கள். அதுபோல, அடியில் தனித்து நிற்கும் துணைப் பட்டை கனமான சுமையில்தான் வேலை செய்யத் தொடங்கும். அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

5. ஷாக்கிளை ஸ்பிரிங்கோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்

நீளமான ஸ்பிரிங் போட்ட பிறகு “நகரவே மாட்டேன் என்கிறது” என்ற புலம்பல் வந்தால், பத்தில் ஒன்பது இடத்தில் குற்றவாளி ஷாக்கிள்தான். மேலே சொன்ன ஸ்பிரிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமையில் 30 மி.மீ. கேம்பரோடு நிற்கும் அது முழுதும் தட்டையாகும்போது கண்களுக்கு இடையிலான தூரம் 2 மி.மீ. அளவுக்குக்கூட அதிகரிக்காது, தட்டையைத் தாண்டி மறுபுறம் வளைந்தால் தூரம் திரும்பவும் குறையத் தொடங்கும். சக்கரம் முழுதும் கீழே தொங்கும்போதோ அந்தத் தூரம் சுமார் 47 மி.மீ. குறைகிறது. ஆக, தட்டையான நீள ஸ்பிரிங்குக்கு ஷாக்கிள் உள்பக்கமாக (ஸ்பிரிங்கின் நடுவை நோக்கி) ஆட இடம் வேண்டும். வெளிப்பக்கம் சிறிது போதும். மிகவும் வளைந்த குட்டை ஸ்பிரிங்கில் நிலைமை நேர்மாறு. குட்டை ஸ்பிரிங்குக்குச் சொல்லப்பட்ட ஷாக்கிள் கோணத்தை அப்படியே இதற்கும் வைப்பதால்தான் சிக்கல் வருகிறது.

துளைக்குத் துளை 100 மி.மீ. உள்ள ஷாக்கிள், வண்டி நிற்கும்போது செங்குத்தாக இருந்தால், சக்கரம் தொங்கும் நேரத்தில் உள்பக்கமாக ஏறத்தாழ 28 பாகை சாய்ந்துவிடும்; பட்டையின் கண் சேசிஸின் அடியில் முட்டும் வாய்ப்பும், திரும்ப அமுங்கும்போது ஷாக்கிள் தவறான பக்கம் மடங்கும் வாய்ப்பும் உண்டு. அதே ஷாக்கிளை நிற்கும்போதே வெளிப்பக்கம் 20 பாகை சாய்த்து வைத்தால், தொங்கும்போது செங்குத்தைத் தாண்டி 7 அல்லது 8 பாகையோடு நின்றுவிடும். உங்கள் எண்களை வைத்து ஓர் அட்டையில் முழு அளவுக்கு வரைந்து, ஷாக்கிளுக்குப் பதில் ஓர் அட்டைத் துண்டைக் குண்டூசியால் குத்தி ஆட்டிப் பாருங்கள். கணக்கு வராதவர்களுக்கும் இது தெளிவாகக் காட்டிவிடும்.

நீளமான ஷாக்கிள் போட்டு உயரத்தையும் சம்பாதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஷாக்கிள் கூடும் நீளத்தில் பாதி அளவுக்குத்தான் ஆக்சில் இடத்தில் உயரம் கிடைக்கும். பதிலுக்கு ஆக்சிலின் கோணம் மாறும், பக்கவாட்டு ஆட்டம் கூடும். இரண்டு பக்கத் தகடுகளையும் நடுவில் குறுக்குக் குழாயால் இணைக்காத நீள ஷாக்கிளை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

6. அனுமதியும் ஆவணங்களும்

பணம் செலவாகும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். ஸ்பிரிங்கின் கண் பிராக்கெட்டை இடம் மாற்றுவது சேசிஸில் செய்யும் மாற்றமாகக் கருதப்படலாம். வண்டியின் உயரமும் சில இடங்களில் வரம்புக்கு உட்பட்டது. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், உங்கள் பதிவு அலுவலகத்துக்கு மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்பி, எழுத்தில் பதில் பெறுங்கள்: பிராக்கெட்டை நகர்த்த முன்அனுமதி தேவையா, உயரம் எவ்வளவு கூடலாம், வேலை முடிந்த பின் யாருடைய சான்றிதழும் எந்தப் பரிசோதனையும் தேவை. கவுண்டரில் ஒருவர் வாய்மொழியாகச் “செய்யலாம்” என்பது, அடுத்த முறை அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தால் செல்லாது.

ஒரே கோப்பில் இவற்றை வையுங்கள்: பதிவுச் சான்றின் நகல், எடைமேடைச் சீட்டுகள், மாற்றத்துக்கு முந்தைய அளவுகளும் புகைப்படங்களும், ஸ்பிரிங்கின் வரைபடம், அதில் அகலம், தடிமன், எண்ணிக்கை, கேம்பர், விறைப்பு, உருக்கு வகை ஆகியவை, வெல்டிங் செய்தவரின் ரசீது, எல்லாப் பாகங்களின் ரசீதுகள். பொறியாளர் சான்று தேவைப்படும் இடத்தில், அந்தப் பொறியாளரை வேலை முடிந்த பின் அழைக்காமல், பிராக்கெட் பற்றவைத்து வண்ணம் பூசுவதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். வண்ணத்துக்கு அடியில் இருக்கும் வெல்டிங்குக்குக் கையெழுத்திட அவர் தயங்குவார், அது நியாயமும்கூட.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுதுங்கள். அறிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்பட வாய்ப்புண்டு. இன்னொன்று: பட்டை சேர்த்ததால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கூடிவிடாது. அந்த எண்ணிக்கையில் ஆக்சில், பிரேக், சக்கரம், டயர் எல்லாமே அடக்கம்.

7. எங்கிருந்து வாங்குவது

வழிகள் மூன்று. வேறொரு வண்டியின் ஸ்பிரிங்கை எடுத்துப் போடுவது மலிவானது, உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. சுசுகி சாமுராயில் ஜீப் ராங்லர் ஒய்.ஜே.யின் ஸ்பிரிங்கைப் போடுவதும், டொயோட்டா பிக்கப்பின் பின்பக்கத்தில் செவ்ரோலே பிக்கப்பின் 63 அங்குல, அதாவது சுமார் 1600 மி.மீ. ஸ்பிரிங்கைப் போடுவதும் நன்கு பழகிப்போன மாற்றங்கள். இவற்றில் கவனிக்க வேண்டியது அகலம்: சாமுராயின் பட்டை 2 அங்குலம், ஒய்.ஜே.யின் பட்டை இரண்டரை அங்குலம். ஆகவே ஆக்சில்மேல் உள்ள இருக்கை, யு போல்ட் (ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யு வடிவப் போல்ட்), அடித்தகடு, பிராக்கெட், ஷாக்கிள் எல்லாமே மாறும். மேலும், அந்த ஸ்பிரிங் வேறொரு எடைக்குச் செய்யப்பட்டது; இலகுவான வண்டியில் போடும்போது ஓரிரு பட்டைகளை எடுக்க வேண்டிவரும். எடுப்பதானால் குட்டையானவற்றை எடுங்கள், முதன்மைப் பட்டையையும் அதைத் தாங்கும் இரண்டாவது பட்டையையும் தொடாதீர்கள்.

பழைய ஸ்பிரிங் வாங்கும்போது சென்டர் போல்ட்டைக் கழற்றிப் பட்டைகளைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். துளையைச் சுற்றிக் கம்பிபோல் ஓடும் விரிசல், ஒரு பட்டையின் நுனி மேல்பட்டையில் தோண்டிய பள்ளம், பிளந்து வாய் திறந்த கண், இடையில் துரு ஊதிப் பட்டைகளை விலக்கியிருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். இரண்டையும் தரையில் கண்கள் கீழே படும்படி அருகருகே நிறுத்தி, உயரத்தை ஒப்பிடுங்கள். ஒரே வண்டியிலிருந்து கழற்றிய ஜோடிதான் வேண்டும்.

இரண்டாவது, உங்கள் வண்டிக்கென்றே விற்கப்படும் தயார்ப் பெட்டி. பிராக்கெட், ஷாக்கிள், ஹோஸ் எல்லாம் சேர்ந்து வந்தால் விலை கூடினாலும் இதுவே எளிது. மூன்றாவது, பட்டறையில் செய்யச் சொல்வது. உருக்கு எந்த வகை, சூடேற்றிப் பதப்படுத்தும் வேலையை அவர்களே செய்கிறார்களா, விறைப்பைச் சுமை வைத்து அளந்து சீட்டுத் தருவார்களா என்று கேளுங்கள். அளந்து தரும் பட்டறைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவல்ல. பழைய பட்டையைக் குளிராகவே சுத்தியலால் அடித்துக் கேம்பர் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் நீள ஸ்பிரிங் வேலையைக் கொடுக்காதீர்கள். சில மாதங்களில் அது பழைய நிலைக்கே அமர்ந்துவிடும்.

8. ஸ்பிரிங்கோடு சேர்ந்து வரும் செலவுகள்

ஸ்பிரிங் ஜோடியின் விலையை மட்டும் வைத்துப் பட்ஜெட் போடுபவர்கள் பாதி வேலையில் நிற்பார்கள். முதலில் பிரேக் ஹோஸ். சக்கரம் முழுதும் தொங்கும்போது ஹோஸ் இறுகக் கூடாது. அதற்கேற்ற நீளத்தில் புதியது வாங்கியே ஆக வேண்டும். இதை அப்புறம் பார்க்கலாம் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். கைப்பிரேக் கேபிளுக்கும் ஆக்சிலின் காற்றுக் குழாய்க்கும் இதே சோதனைதான்.

யு போல்ட்டுகளும் சென்டர் போல்ட்டும் கண்டிப்பாகப் புதியவை. ஒருமுறை முழு இறுக்கம் பெற்ற யு போல்ட் நீண்டிருக்கும், மறுபடி அதே பிடியைத் தராது. ஷாக் அப்சார்பர் அமுங்கிய நிலையிலும் நீண்ட நிலையிலும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பொருத்திப் பார்த்த பிறகே முடிவுசெய்யுங்கள். முன்கூட்டி வாங்கிய ஷாக் பெரும்பாலும் குட்டையாகிவிடும், அப்போது கூடுதல் நீளத்தால் கிடைத்த அசைவையெல்லாம் அதுவே தடுத்துவிடும். பம்ப் ஸ்டாப்பும் அவசியம். மென்மையான ஸ்பிரிங் மறுபுறம் அளவுக்கு மீறி வளையாமல் காப்பது அதுதான்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் செலவு எதிர்பாராத இடத்தில் வரும். ஆக்சில் சிறிது நகர்ந்தாலும் ஷாஃப்ட் குட்டையாகவோ நீளமாகவோ ஆகிவிடும். சறுக்கு இணைப்பு தொங்கும்போது கழன்றுவிடாமலும் அமுங்கும்போது முட்டாமலும் இருக்க வேண்டும். பட்டை முறுக்கத்துக்கு எதிரான தாங்கு கம்பியையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனை ஷாக்கிள் வழியாகவே சேசிஸோடு சேர வேண்டும். இரண்டு முனைகளையும் அசையாமல் கட்டினால், அது முறுக்கத்தோடு சேர்த்து ஸ்பிரிங்கின் அசைவையும் பூட்டிவிடும்.

புஷ்ஷில் ரப்பரா பாலியூரித்தேனா என்ற விவாதம் முடிவில்லாதது. ஆக்சில் நன்றாகக் குறுக்காக முறுக வேண்டிய வண்டிக்கு நான் ரப்பரின் பக்கம்.

9. பொருத்தும் வரிசையும் ஆகும் காலமும்

செய்யச் சொன்ன ஸ்பிரிங் கைக்கு வரப் பல வாரங்கள் ஆகலாம். அனுமதிக்கான பதிலும் அதே அளவு நேரம் எடுக்கும். ஆகவே விண்ணப்பத்தை முதலில் அனுப்பி, காத்திருக்கும் நாட்களில் அளவெடுப்பை முடியுங்கள். வண்டி ஓடாமல் நிற்கும் நாட்களுக்கு மாற்று ஏற்பாடும் தேவை, ஏனென்றால் ஷாஃப்ட்டும் ஷாக்கும் பொருத்திப் பார்த்த பிறகே அளவு தெரிந்து வாங்கப்படுபவை.

பிராக்கெட்டுகளை முதலில் புள்ளி வெல்டிங்கால் மட்டும் பிடிக்கச் செய்யுங்கள். கட்டிலிருந்து முதன்மைப் பட்டையை மட்டும் தனியே எடுத்து மாட்டுங்கள். ஒற்றைப் பட்டை ஜாக்கிக்கு எளிதாக வளையும் என்பதால், ஆக்சிலை முழு உயரத்துக்கு ஏற்றியும் முழுதாகத் தொங்கவிட்டும், ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தியும் பார்க்கலாம்; டயர் எங்கே உரசுகிறது, ஷாக்கிள் எங்கே முட்டுகிறது, ஹோஸ் எங்கே இறுகுகிறது என்பதெல்லாம் இந்த அரைநாள் வேலையில் தெரிந்துவிடும். அந்த நேரம் முழுதும் சேசிஸ் உறுதியான தாங்கிகள்மேல் நிற்க வேண்டும். ஜாக்கியை நம்பி எவரும் அடியில் போகக் கூடாது. ஷாக்கின் நீளத்தையும் ஷாஃப்ட்டின் நீளத்தையும் இப்போதுதான் குறித்துக்கொள்ள வேண்டும்.

முழு வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எரிபொருள் குழாய்களையும் பிரேக் குழாய்களையும் மூடிக் காப்பாற்றுங்கள். ஸ்பிரிங் பட்டைமேல் ஒரு தீப்பொறிகூட விழாமல் ஈரத் துணியாலோ தகட்டாலோ மூட வேண்டும். பதப்படுத்திய உருக்கில் வெல்டிங் பொட்டு விழுந்த இடமே நாளை விரிசல் தொடங்கும் இடம்.

ஆக்சில்மேல் உள்ள ஸ்பிரிங் இருக்கைகளை இறுதியாகப் பற்றவைப்பது, வண்டி தன் முழு எடையோடு சக்கரங்கள்மேல் நிற்கும்போது கோணத்தைக் குறித்த பிறகுதான். ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மூட்டு மட்டும் இருந்தால், ஆக்சிலின் பினியனும் (ஷாஃப்ட் வந்து சேரும் தண்டு) டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்கு ஆற்றலைப் பிரித்தனுப்பும் பெட்டி) வெளியீடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரட்டை மூட்டு இருந்தால், பினியன் அந்த மூட்டை நேராக நோக்கி, ஓரிரு பாகை மட்டும் தாழ்ந்திருக்க வேண்டும். ஓட்டும்போது முறுக்கத்தில் அது எழும்பி நேராகிவிடும்.

கண்களின் போல்ட்டுகளையும் ஷாக்கிள் போல்ட்டுகளையும் வண்டி தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் நிரந்தரமாக முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். சக்கரங்கள் தரையைத் தொட்ட பிறகே இறுதி இறுக்கம். யு போல்ட்டுகளை மாறிமாறிக் குறுக்காக, அவற்றின் விட்டத்துக்கும் தரத்துக்கும் உரிய முறுக்கு விசைக்குக் கொண்டுவாருங்கள்.

10. முதல் சில நூறு கிலோமீட்டர்கள்

புதிய பட்டைகள் ஓட்டத்தில் சற்று அமர்வது இயல்பு. அதனால் முதல் நாளில் ஒரு அங்குலம் உயரமாகத் தெரிகிறதே என்று பட்டையை எடுக்கவும் வேண்டாம், உடனே சக்கர நேர்ப்பாட்டுக்குப் பணம் கட்டவும் வேண்டாம். சுமார் 100 கிலோமீட்டரில் யு போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். 500-லும் 1000-லும் மீண்டும் பாருங்கள். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியப் படிய அவை தளர்ந்துகொண்டே வரும், தளர்ந்த யு போல்ட்டில் சென்டர் போல்ட்தான் முதலில் அறுபடும்.

முதல் கரடுமுரடு ஓட்டத்துக்குப் பிறகு, ஷாக்கிளின் உள்பக்கத்திலும் சேசிஸின் அடியிலும் வண்ணம் உரிந்து பளபளக்கும் இடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். முன் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தால், ஸ்டீயரிங்கைப் பிடிக்காமல் மெதுவாக ஒரு வேகத்தடையை ஏறிப் பாருங்கள். வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பினால் ஸ்டீயரிங் இணைப்புக் கம்பியின் வளைவுப் பாதையும் ஆக்சிலின் பாதையும் ஒத்துப்போகவில்லை, அதைச் சரிசெய்யாமல் வேகமாக ஓட்டக் கூடாது. பட்டைகள் அமர்ந்து முடிந்த பின் கேம்பரை மறுபடி அளந்து, முன்பு போட்ட கணக்கோடு ஒப்பிட்டுக் கோப்பில் எழுதிவையுங்கள். அதன் பிறகு சக்கர நேர்ப்பாடு, ஹெட்லைட்டின் உயரச் சீரமைப்பு, தேவைப்பட்டால் பதிவு அலுவலகப் பரிசோதனை என்ற வரிசையில் முடியுங்கள். ஹெட்லைட்டைச் சரிசெய்யாமல் பரிசோதனைக்குப் போனால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.